இடைநிலை எங்கே என்று கேட்போருக்கு

பரிணாமக் கொள்கையை மறுத்துத் தமிழில் எழுதுவோரிடம் ஒரு கேள்வி உண்டு. பல்லாண்டுகளாகக் கைமாறிக் கைமாறித் தேய்ந்து பளபளப்பேறிவிட்ட கேள்வி அது. "ஓர் உயிரினம் சிறுகச் சிறுக வேறோர் உயிரினமாக மாறியது என்கிறீர்களே, அந்த மாற்றத்தின் நடுவே நின்ற உயிர்கள் எங்கே?" கேட்டவர் புன்னகையோடு காத்திருப்பார். விடை சொல்ல வருபவர் பாடநூலில் படித்தபடி ஆர்க்கியாப்டெரிக்ஸைக் கொண்டுவந்து நிறுத்துவார். குதிரையின் குளம்புகளை வரிசைப்படுத்துவார். திமிங்கலத்தின் பின்னங்கால்களைக் காட்டுவார். "நல்லது, இவற்றுக்கும் நடுவே இருந்தவை?" என்று அடுத்த கேள்வி பிறக்கும். வாதம் செக்குமாடாய் அங்கேயே சுற்றும்.

இந்தச் சுற்றில் நமக்குச் சலிப்பு ஏற்பட்டுவிட்டது. சலிப்புக்குக் காரணம் கேட்பவர் மட்டும் அல்லர், விடை சொல்பவருந்தான். முதுகெலும்புள்ள விலங்குகளின் எச்சங்கள் இயல்பிலேயே அரியவை. ஒரு விலங்கு இறந்து, நரி இழுத்துப் போகாமல், வெயிலில் உலர்ந்து நொறுங்காமல், மண் மூடிக் கல்லாகி, பின்னர் என்றோ ஒருநாள் ஒரு மனிதரின் கண்ணில் பட வேண்டும். பத்துக்கு ஒன்பது பக்கம் கிழிந்துபோன அந்த ஏட்டையே இரு தரப்பாரும் விடாமல் புரட்டிக்கொண்டிருக்க, பக்கங்கள் பெரும்பாலும் ஒழுங்காக எஞ்சியிருக்கும் மற்றோர் ஏடு கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. அது ஆழ்கடல் தரையின் சேற்றில் இருக்கிறது.

ஃபோராமினிஃபெரா என்பவை ஒற்றைச் செல் உயிரிகள். ஆய்வாளர்கள் சுருக்கமாக ஃபோராம் என்பர். நாமும் அவ்வாறே சொல்வோம். இவற்றுள் பெரும்பாலானவை கடற்படுகையில் வாழ்பவை. சில மட்டும் திறந்த கடலில் மிதந்து வாழ்கின்றன. வடிவத்தை வைத்துப் பிரித்தால் இன்று ஏறத்தாழ 50 வகைகள் தேறும். மிதப்பவற்றுள் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியவை. ஆயினும் இவை சுண்ணாம்பால் கட்டும் ஓட்டை உருப்பெருக்கியில் கண்டவர் எளிதில் மறக்கமாட்டார். உயிரி வளர வளர, பழைய அறையோடு புதிய அறை ஒன்றைச் சேர்த்துக்கொண்டே போகும். பழைய அறைகள் அழிவதில்லை. ஆகவே முழு வளர்ச்சி பெற்ற ஓட்டை உடைத்துப் பார்த்தால் அதன் குழந்தைப் பருவம் உள்ளே அப்படியே இருக்கும். எந்த டைனோசரும் தன் குட்டிப் பருவத்து எலும்புக்கூட்டை வயிற்றில் சுமந்துகொண்டு சாகவில்லை என்பதை இங்கே நினைவூட்டுகிறோம்.

இறந்தபின் ஓடுகள் மழைபோல் இறங்கிக் கடல்தரையில் படிகின்றன. ஆயிரம் ஆண்டுகளில் சில சென்டிமீட்டர் உயரம் சேறு சேரும். ஒரு சிட்டிகைச் சேற்றில் நூற்றுக்கணக்கான ஓடுகள் அகப்படும். 1968இல் ஆழ்கடல் துளைத் திட்டம் தொடங்கியதிலிருந்து, கப்பலில் இருந்தபடியே கடல்தரையைத் துளைத்து இச்சேற்றை நீண்ட உருளைகளாக வெளியே எடுத்திருக்கிறார்கள். அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. இடையில் உள்ளவை இடையில் இருக்கின்றன. இந்த ஏட்டிலும் கறையான் அரித்த இடங்கள் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. மிக ஆழமான நீரில் சுண்ணாம்பு கரைந்துவிடும். புழுக்கள் சேற்றைக் குடைந்து சில ஆயிரம் ஆண்டுகளின் ஓடுகளைக் கலந்துவிடும். நீரோட்டம் அரித்துச் சென்ற அடுக்குகளும் உண்டு. ஆனால் ஒரு கடலில் விடுபட்ட பக்கம் பெரும்பாலும் இன்னொரு கடலில் கிடைக்கும்.

ஆர்புலினாவின் கதையைச் சொல்லலாம். இன்றும் வெப்பக் கடல்களில் வாழும் இந்த உயிரி, முதிர்ந்தபின் பூரணமான ஒரு கோளமாகக் காட்சியளிக்கும். கோளத்தின்மேல் ஊசிமுனையால் குத்தினாற்போல் துளைகள். வேறெந்த மிதவை ஃபோராமையும் பார்த்தபின் இதைப் பார்ப்பவர், இது இந்தக் குடும்பத்தில் பிறந்ததே அன்று என்பார். ஓட்டை உடைத்தால் உள்ளே சிறு சுருள் ஒன்று இருக்கும்: சாதாரணமான, அறை அறையாகச் சுருண்ட ஓடு.

அடுக்குகளில் கீழிருந்து மேலாக வந்தால் நிகழ்ந்தது தெரிகிறது. சுமார் 1.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சேற்றில், டிரைலோபேட்டஸ் என்று இன்று நாம் அழைக்கும் சுருள் ஓடுகளுக்கிடையே, கடைசி அறை சற்றே பெருத்த சில ஓடுகள் தென்படுகின்றன. மேலே வர வர, கடைசி அறை முந்தைய அறைகளின்மேல் கவிந்துகொண்டே போகிறது. ஒரே பெரிய வாயாக இருந்த திறப்பு, விளிம்பை ஒட்டிய பல சிறு வாய்களாகப் பிரிகிறது. இன்னும் மேலே, கடைசி அறை பாதிக்குமேல் விழுங்கிவிட்ட ஓடுகள். சுமார் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், அது யாவற்றையும் மூடிக் கோளமாகிவிடுகிறது. துளைகள் விளிம்பை விட்டுக் கோளம் முழுவதும் பரவுகின்றன. வால்டர் புளோ இந்த வரிசையை 1956இலேயே விரிவாக எழுதி வைத்தார். அதன்பின் பல கடல்களில் எடுத்த உருளைகளில் பலர் அதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றனர்.

இன்னொன்றும் உண்டு. முன்னோரின் கால்வழி அழியவில்லை. டிரைலோபேட்டஸ் இன்றும் ஆர்புலினாவுடன் அதே கடலில் மிதந்துகொண்டிருக்கிறது. "குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது?" என்று கேட்டு மேசையைத் தட்டும் அன்பர்கள் இந்த இரண்டு ஓடுகளையும் ஒருசேர உள்ளங்கையில் வைத்துப் பார்க்கலாம். ஒரு மரத்தில் புதுக் கிளை வெடித்தால் பழைய கிளை பட்டுப்போக வேண்டும் என்று எந்தத் தோட்டக்காரரும் எதிர்பார்ப்பதில்லை.

இத்தனை சொன்ன பிறகும் ஒரு மறுப்பு வரும் என்பதை அறிவோம். "டிரைலோபேட்டஸ் ஒரு சிற்றினம், ஆர்புலினா ஒரு சிற்றினம். நடுவில் இருப்பவையும் தனித்தனிச் சிற்றினங்களே. பிரேயார்புலினா என்று நீங்களே பெயர் வைத்திருக்கிறீர்கள். ஆக எல்லாம் தனித்தனி, இடைநிலை எங்கே?" இந்த மறுப்பில்தான் விஷயத்தின் வேர் இருக்கிறது, மற்றதெல்லாம் கிளை. இரண்டு பெயர்களுக்கு நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது என்கிறார்கள். அதில் ஓர் ஓட்டைக் கண்டெடுத்து வைத்தவுடன் அதற்கும் பெயர் வந்துவிடுகிறது. இப்போது மூன்று பெயர்கள், இரண்டு இடைவெளிகள். நான்காவதைக் கண்டெடுத்தால் இடைவெளி மூன்று. சான்று பெருகப் பெருகக் கடன் ஏறும் இப்படியொரு கணக்கைக் கந்துவட்டிக்காரர்களிடம்கூட நாம் கண்டதில்லை. இடைநிலைகள் கிடைக்காதது இங்கே குறை ஆகாது. கிடைத்தவற்றுக்கெல்லாம் பெயர் சூட்டிவிட்டதனால் அவை இடைநிலைகளாகத் தோன்றுவதில்லை. தொடர்ந்து ஓடும் கோட்டின்மேல் நாம் போட்ட வெட்டுக்குறிகளைக் காட்டி, கோடு அறுந்திருக்கிறது என்கிறார்கள்.

இந்தக் குறிகளை யார், எதற்காகப் போட்டார்கள் என்று கேட்டாலே பாதி மயக்கம் தெளிந்துவிடும்.

ஃபோராம்களுக்கு இப்பெயரையும் முதல் முறையான வகைப்பாட்டையும் 1826இல் தந்தவர் பிரான்ஸைச் சேர்ந்த அல்சிட் தோர்பினி. கண்ணுக்கு எட்டாத இந்த வடிவங்களைப் பிறர் காணும்பொருட்டுப் பெரிய மாதிரிகளாகச் சாந்தில் வார்த்துக் கொடுத்த பெருங்கலைஞர் அவர். ஆனால் அவற்றை அவர் கணவாய்களின் உறவினர் என்று வகுத்தார். அறை அறையான ஓடு அவரை அவ்வாறு எண்ண வைத்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1835இல், பெலிக்ஸ் துஜார்டன் உயிருள்ள ஃபோராம்களை நோக்கி, உள்ளே கணவாயும் இல்லை, குடலும் இல்லை, வெறும் ஊன்குழம்பு மட்டுமே இருக்கிறது என்று காட்டினார். தோர்பினிக்குப் பரிணாமத்திலும் நம்பிக்கை இல்லை. உலகில் உயிர்கள் இருபத்தேழு முறை புதிது புதிதாகப் படைக்கப்பட்டன என்பது அவர் கொள்கை. குளோபிஜெரினா, ஆர்புலினா ஆகிய பெயர்களைச் சூட்டியவர் அவரே. குளோபிஜெரினா புல்லாய்ட்ஸ், ஆர்புலினா யூனிவெர்சா என்று இன்றும் அவர் இட்ட பெயராலேயே அழைக்கிறோம். வகைப்படுத்தும் திறமைக்கும் வழித்தோன்றலை அறிவதற்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு இவரைவிடச் சிறந்த சான்று தேவையில்லை.

மொழியன்பர்கள் கூடும் இடத்தில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுப்பதால், டார்வினுக்கு முன்பே தமிழன் பரிணாமம் கண்டான் என்று முழங்குவோர் நம்மிடையே உளர். அது அழகிய வகைப்பாடு. உயிர்களை அறிதிறன் கொண்டு அளந்தது பெரிய நோக்கு. ஆனால் ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது என்று அந்நூல் சொல்லவில்லை. சொல்லாததைச் சொன்னதாக ஏற்றுவது நூலுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இருபதாம் நூற்றாண்டில் பெயர் சூட்டும் பணி எண்ணெய்க்காரர்களின் கைக்குப் போயிற்று. துளையிட்டு எடுக்கும் பாறைத்தூளில் பெரிய எச்சங்கள் நொறுங்கிவிடும், ஃபோராம்கள் தப்பிவிடும். டெக்சாஸ் எண்ணெய் நிறுவனங்களில் பணியாற்றிய எஸ்தர் ஆப்லின், ஆல்வா எலிசர், ஹெட்விக் நைக்கர் என்ற மூன்று பெண்கள் 1925இல் இவற்றைக் கொண்டு நிலத்தடி அடுக்குகளை இனங்கண்டு காட்டினர். பின்னர் மிதவை வகைகளின் காலம் வந்தது. சோவியத் நாட்டின் நீனா சுப்போட்டினா 1953இல் காக்கசஸ் பகுதியின் ஓடுகளை ஆராய்ந்து எழுதிய நூலும், சுவிட்சர்லாந்தின் ஹான்ஸ் போல்லி 1957இல் டிரினிடாட் தீவின் ஓடுகளைக் கொண்டு வகுத்த காலமண்டலங்களும் இத்துறையின் தூண்கள்.

போல்லிக்கு வேண்டியது ஒரு கடிகாரம். மயோசீன் காலத்தின் நடுப்பகுதியில் குளோபரோட்டாலியா ஃபோசி என்னும் கால்வழியை அவர் பாரிசானென்சிஸ், ஃபோசி, லொபாட்டா, ரொபஸ்டா என்று நான்காக வெட்டினார். கீழே விளிம்பு உருண்ட ஓடு. மேலே வர வர விளிம்பு கூர்மையாகி, படகின் அடிக்கட்டை போன்ற வரம்பு ஒன்று ஓட்டைச் சுற்றி எழும்புகிறது. எந்த இடத்தில் வெட்டினால் பாறையின் வயதை அறிய வசதியோ அந்த இடத்தில் வெட்டு. அது நேர்மையான, பயனுள்ள வேலை. கடிகாரத்தில் மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே கோடு போட்டிருப்பதனால் காலம் அங்கே நின்று புறப்படுகிறது என்று எவரும் கருதார்.

ஆனால் பிற்காலத்தில் பெயர்களை எண்ணிப் புள்ளிவிவரம் போட்டவர்கள் அவ்வாறே கருதினர். பெயர்ப்பட்டியலை நம்பினால் அங்கே நான்கு பிறப்பு, நான்கு இறப்பு. முதல் மூன்று இறப்புகளும் பொய். பெயர் முடிந்தது, உயிர் அடுத்த பெயரில் தொடர்ந்தது. நான்காவது மட்டும் மெய். சுமார் 1.18 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தக் கால்வழி சந்ததி விடாமல் அற்றுப்போயிற்று. கடல் குளிர்ந்தபோது எத்தனை உயிரினங்கள் அழிந்தன, வெப்பமேறியபோது எத்தனை அழிந்தன என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டிய ஒரு காலத்தில் நாம் வாழ்கிறோம். பொய்ச்சாவையும் மெய்ச்சாவையும் ஒரே பேரேட்டில் எழுதினால் அந்தக் கணக்கு எதற்கு உதவும்?

வடிவத்தை மட்டும் நம்பினால் இன்னொரு விதத்திலும் ஏமாறுவோம். மேலே சொன்ன வரம்பு விளிம்பு, மிதவை ஃபோராம்களின் வரலாற்றில் குறைந்தது மூன்று முறை தனித்தனியே தோன்றியிருக்கிறது. கிரெட்டேசியஸ் காலத்தில் குளோபோட்ரங்கானாவும் அதன் சுற்றமும் அதைப் பெற்றிருந்தன, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்களை அழித்த அதே பேரழிவில் அவை ஒழிந்தன. பிழைத்தவை விரல்விட்டு எண்ணத்தக்க சில எளிய ஓடுகளே. அவற்றின் வழிவந்த மொரோசோவெல்லாவில் வரம்பு மீண்டும் எழுந்தது. இயோசீன் காலத்தில் அதுவும் மறைந்தது. மூன்றாம் முறையாகக் குளோபரோட்டாலியாவில் எழுந்து இன்றுவரை நிற்கிறது. இடையில் கோடிக்கணக்கான ஆண்டுகள். ஆயினும் மொரோசோவெல்லா ஓடுகளைப் போல்லி போன்ற பெரியவர்களும் குளோபரோட்டாலியா என்றே குறித்து வந்தனர், விளிம்பு ஒன்றுபோல் இருந்தமையால். 1960களிலிருந்து மின்னணு நுண்ணோக்கி ஓட்டின் சுவரைப் பெரிதாக்கிக் காட்டியபோதுதான் ஒன்றின் மேற்பரப்பு முள்முள்ளாகவும் மற்றதன் மேற்பரப்பு வழவழப்பாகவும் இருப்பது தெளிவாயிற்று.

ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்களுக்கு இது புதிதாக இராது. இரண்டு சுவடிகளின் கையெழுத்து ஒத்திருப்பதால் மட்டும் ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டது என்று கொள்ள மாட்டார்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே பிழை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கண்ணைக் கவரும் அம்சம் உறவுக்குச் சான்றாவது அரிது.

முட்கள் நீட்டிய ஹான்ட்கெனினாவின் பிறப்பும் அவ்வாறே நெடுநாள் தவறாகச் சொல்லப்பட்டது. ஒரே தளத்தில் சுருள்வதால் சூடோஹாஸ்டிஜெரினாவின் வழி என்றனர். இடைநிலை ஓடுகளை ஆராய்ந்த ஹெலன் காக்ஸாலும் துணைவர்களும் 2003இல் அது நீண்ட அறைகள் கொண்ட கிளாவிஜெரினெல்லாவிலிருந்து வந்தது என்று நிறுவினர். அந்த வழியின் முடிவோ 3.39 கோடி ஆண்டுகளுக்கு முன் இயோசீன் காலத்தின் முடிவையே குறிக்கும் அடையாளமாக இத்தாலியின் மசிஞானோவில் நிற்கிறது.

இனி நம் தரப்பினருக்கும் ஒரு சொல். பரிணாமத்தை ஆதரித்து எழுதுவோர் சிலர் எல்லா மாற்றமும் வெண்ணெய்மேல் கத்தி ஓடினாற்போல் நிகழ்ந்தது என்று எழுதுகின்றனர். 1972இல் இந்தியப் பெருங்கடலின் தொண்ணூறு கிழக்கு முகட்டில் 214ஆம் இடத்தில் எடுத்த உருளையைக் கொண்டு, மால்ம்கிரென், பெர்க்ரென், லோமன் ஆகியோர் 1983இல் ஒரு புகழ்பெற்ற ஆய்வை வெளியிட்டனர். குளோபரோட்டாலியா பிளீசியோடுமிடா நெடுங்காலம் மாறாமலிருந்து, பின் சுமார் 6 லட்சம் ஆண்டுகளில் படிப்படியாக டுமிடாவாக மாறி, மீண்டும் நிலைத்தது என்றனர். பாடநூல்களுக்கு ஏற்ற உதாரணம்! ஆனால் 2009இல் பின்செலி ஹல்லும் ரிச்சர்ட் நாரிஸும் அதே கால்வழியை மீண்டும் ஆராய்ந்தனர். அடுக்கின் சராசரி வடிவத்தோடு நில்லாமல், ஒவ்வோர் அடுக்கிலும் எத்தனை தொகுதிகள் கலந்திருக்கின்றன என்று பிரித்துப் பார்த்தனர். டுமிடா 44,000 ஆண்டுகளுக்குள் தோன்றிவிட்டது என்பது அவர்களின் முடிவு. இரு தொகுதிகளின் விகிதம் மெல்ல மாறினாலும் சராசரி மெல்லத்தான் நகரும். நகர்ந்தது உயிரியா விகிதமா என்று சராசரி சொல்லாது.

இதைக் கண்டு மறுப்பாளர் துள்ள வேண்டியதில்லை. 44,000 ஆண்டு என்பது படைப்பின் ஒரு கணம் அன்று, பல்லாயிரம் தலைமுறைகள். ஆனால் நம் தரப்பினர் இதை மறைக்கவும் கூடாது. சில கால்வழிகள் மெல்ல நகர்கின்றன, சில சட்டென்று கிளைக்கின்றன. எது எப்படி என்பதைச் சேறுதான் சொல்ல வேண்டும்.

பெயர்கள் எப்போதும் மிகையாகவே இருக்கும் என்றும் எண்ணிவிடக் கூடாது. நியோகுளோபோகுவாட்ரினா பாக்கிடெர்மா என்னும் ஓடு குளிர்ந்த கடலில் இடப்புறமாகச் சுருளும், சற்றே வெப்பமான நீரில் வலப்புறமாகச் சுருளும். ஒரே உயிரி வெப்பத்துக்கேற்பத் திரும்புகிறது என்றே பல்லாண்டுகள் நம்பினர். மரபணுக்களைப் படித்த கேட் டார்லிங் முதலானோர் 2006இல் இரண்டும் வெவ்வேறு சிற்றினங்கள் என்று பிரித்தனர். வலஞ்சுழி இப்போது இன்கொம்ப்டா என்று வழங்குகிறது. இங்கே நாம் வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டாமல் விட்டிருந்தோம். இறந்து கல்லான ஓட்டில் மரபணு கிடைக்காது என்பதால், பழைய அடுக்குகளில் இப்படி எத்தனை இரட்டையர் ஒரே பெயரில் உறங்குகின்றனரோ!

இவற்றையெல்லாம் கருத்திற்கொண்டு 2011இல் டிரேசி ஏஸ், தாமஸ் எசார்ட், பால் பியர்சன் முதலானோர் கடந்த 6.6 கோடி ஆண்டுகளின் பெருந்துளை மிதவை ஃபோராம்களுக்கு இரண்டு மரங்களை வரைந்தனர். ஒன்று வடிவங்களின் மரம். பெயர்கள் யாவும் அதில் உண்டு. மற்றது கால்வழிகளின் மரம். ஒன்றோடொன்று கலந்து மாறிய பெயர்கள் அதில் ஒரே கிளையாக இணைக்கப்பட்டன, பொய்ச்சாவுகள் நீக்கப்பட்டன. பாறையின் வயதை அறிய முதல் மரம் போதும். பிறப்பையும் இறப்பையும் எண்ண இரண்டாவது வேண்டும். பரிணாமத்தை எதிர்த்தோ ஆதரித்தோ எழுதுபவர் தம் கையில் இருப்பது எந்த மரம் என்பதை முதலில் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும்.

துளையிடும் கப்பல் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் 1985 முதல் உழைத்து 2024இல் ஓய்வு பெற்றது. எடுத்த உருளைகள் ஜெர்மனியின் பிரெமன், அமெரிக்காவின் காலேஜ் ஸ்டேஷன், ஜப்பானின் கோச்சி ஆகிய நகரங்களில் குளிரறைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஆய்வு செய்ய விரும்புவோர் விண்ணப்பித்துத் துண்டு பெறலாம். இந்தியப் பெருங்கடலின் உருளைகள் கோச்சியில் இருக்கின்றன. கேரளத்துக் கொச்சி என்று எண்ணி எவரும் ரயிலேறிவிட வேண்டாம்.